கேன்வாஸ் பிரிண்ட் மேல் கைவேலை: ஜெல்லா, அக்ரிலிக்கா, ஆயிலா, தங்கத்தாளா?

அச்சடித்த படத்தின் மேல் கைவேலை செய்து விற்பது நம் ஊருக்குப் பழகிய வியாபாரம்தான். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் பலர் அந்தப் படங்களுக்குத் துணி ஒட்டிச் சேலை கட்டினார்கள். ஜரிகை, பாசிமணி, ஜிகினா வைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட படங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் தாமஸ் கின்கேட் என்ற ஓவியர் இதையே பெரிய தொழிலாக நடத்தினார். கேன்வாஸ் பிரிண்ட், அதன் மேல் பயிற்சி பெற்ற ஆட்கள் பிரஷ்ஷால் வைக்கும் சில வெளிச்சங்கள், அதற்கேற்ற விலை.

இன்று தன் ஓவியத்தையே பிரிண்ட் போட்டு, மேலே கைவைத்து விற்க நினைக்கும் ஓவியருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நிறமில்லாத அக்ரிலிக் ஜெல், அக்ரிலிக் வண்ணம், ஆயில் வண்ணம், தங்கத்தாள். இவற்றில் எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், அடியில் இருக்கும் பிரிண்ட் எது என்று கேட்க வேண்டும்.

டை இங்க்கில் (நிறம் கரைசலாக இருக்கும் இங்க்) போட்ட பிரிண்ட் என்றால் ஈர பிரஷ் பட்டதும் கலையும். வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். அதைத் தொடவே வேண்டாம். பிக்மென்ட் இங்க் (நிறம் நுண்துகளாக இருக்கும் இங்க்) நிலைக்கும், ஆனால் மேல்பூச்சு இல்லாமல் தேய்த்தால் அதுவும் உரியும். பேனர் அடிக்கும் கடைகளில் பெரும்பாலும் சால்வென்ட் அல்லது ஈகோ சால்வென்ட் இங்க்தான் (தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் கலந்த இங்க்) ஓடும். அது தண்ணீரைத் தாங்கும், தின்னரைத் தாங்காது. கடைக்காரர் சொல்வதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஃப்ரேமுக்குப் பின்னால் மடியப்போகும் ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். டை தவிர எந்த இங்க்காக இருந்தாலும் பிரிண்ட்டை ஒரு நாளாவது காயவிட்டு, தண்ணீர் கலந்து தயாரித்த அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக ஸ்ப்ரே செய்த பிறகே மேலே கை வையுங்கள். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது மடிப்பில் இங்க் வெடிக்காமலும் இந்தப் பூச்சு ஓரளவு காக்கும்.

சரி, இப்போது ஜெல். டப்பாவிலிருந்து எடுக்கும்போது பால்போல் இருக்கும், காய்ந்தால் கண்ணாடி. பிரிண்ட் முழுவதும் கெட்டியாகத் தடவி, பிரஷ் தடம் தெரிய விட்டால், பத்தடி தூரத்தில் ஓவியம் போலவே தெரியும். நிறம் கலக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரே நாளில் ஏழெட்டுப் படம் முடிக்கலாம். மலிவு, வேகம் இரண்டிலும் மற்ற மூன்றும் இதற்குக் கிட்டவே வர முடியாது. ஹோட்டல் அறைகளுக்கு மொத்தமாகப் போகும் படங்களுக்கு இது போதும்.

ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் அதே படத்தை மாட்டிப் பாருங்கள். முகத்தில் மூக்குத் தண்டு மேலிருந்து கீழே இறங்கும். ஜெல்லின் தடமோ குறுக்கே ஓடும். கோபுரத்தின் பொம்மைகள் ஒரு திசையில், பளபளக்கும் வரிகள் வேறு திசையில். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. மூல ஓவியத்தில் கெட்டியாக வைத்த வண்ணத்தின் நிழலும் போட்டோவில் பதிவாகி பிரிண்ட்டில் வந்திருக்கும். அந்த நிழல் நகராது. மேலே நீங்கள் வைத்த ஜெல்லின் நிழல் ஜன்னல் வெளிச்சத்தோடு நகரும். ஒரே இடத்தில் இரண்டு மேடு பள்ளம்! வாங்குபவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று கண்ணுக்குப் பட்டுவிடும். ஜெல் போடுவதாக இருந்தால் மூல ஓவியத்தை இரு பக்கமும் சமமான வெளிச்சத்தில், மேடு தெரியாமல் படமெடுங்கள். அப்புறம் வடிவம் போகும் திசையிலேயே பிரஷ்ஷை ஓட்டுங்கள். இப்படிச் செய்தால் ஒரு படத்துக்கு அரை நாள் ஆகும். அவ்வளவு நேரம் போடுவதானால் வண்ணத்தையே எடுக்கலாமே?

என் ஓட்டு அக்ரிலிக்குக்குத்தான். ஆனால் பலர் செய்வதுபோல் பிரிண்ட்டில் உள்ள நிறத்தையே கலந்து மேலே பூசுவது வீண் உழைப்பு. ஈரமாக இருக்கும்போது சரியாகப் பொருந்தும் அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். சரி, கொஞ்சம் வெளுப்பாகக் கலந்து காய்ந்த பிறகு பொருந்தச் செய்தாலும், பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலமும் இரவில் எல்இடி பல்பின் கீழ் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பிரிண்ட்டின் நீலமும் டியூபிலுள்ள நீலமும் வேறு வேறு பொருள்கள்.

அதனால் பிரிண்ட்டில் இல்லாததை வையுங்கள். கடற்கரைப் படம் என்றால் நுரையின் விளிம்பில் டைட்டானியம் வெள்ளையைக் கத்தியால் எடுத்து வைக்கலாம். கருவறைப் படத்தில் விளக்குச் சுடரின் நடுவில் மட்டும் வெளிர் மஞ்சள். சந்தைப் படத்தில் கூடையிலிருக்கும் எலுமிச்சையில் நாலைந்துக்கு மட்டும் உண்மையான வண்ணம். பத்தில் ஒரு பங்குப் பரப்பைத் தொட்டாலே கண் அங்கே போய் நிற்கும். மீதிப் பிரிண்ட் பின்னணியாகப் பணிந்துகொள்ளும். இன்னொரு லாபம், ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு இடத்தைத் தொடலாம். ‘ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது’ என்று நீங்கள் சொல்வதும் அப்போது உண்மையாகிவிடும். முன்னே சொன்ன ஜெல்லை இங்கே வண்ணத்தோடு கலந்தால் மேடு நிற்கும், வண்ணமும் மிச்சமாகும்.

ஒரே கவனம், மேல்பூச்சை முதலில் முடித்துவிடுங்கள். பூச்சில்லாத மேட் கேன்வாஸில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வார்னிஷ் ஏறியதும் ஆழமாகும். சாம்பலைப் பார்த்துக் கலந்த நிழல் நிறம் பிறகு அந்தரத்தில் நிற்கும்.

ஆயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகு, மினுமினுப்பு எல்லாம் உண்டு. ஆனால் கெட்டியாக வைத்தால் காய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வண்ணத்தை இளக்க ஊற்றும் டர்பென்டைன் ஈகோ சால்வென்ட் இங்க்கைக் கரைக்கக்கூடும். சரியாக மூடாத கேன்வாஸ் எண்ணெயைக் குடித்துப் பின்பக்கம் கறைபடும். ஆன்லைனில் ஆர்டர் எடுத்து அடுத்த வாரம் அனுப்ப வேண்டிய தொழிலுக்கு இது ஒத்துவராது. ‘ஆயில் ஆன் கேன்வாஸ்’ என்று எழுதிக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் பலர் இதற்குப் போகிறார்கள். அடியில் பிரிண்ட் இருக்கும்போது அப்படி எழுதுவது ஏமாற்று வேலை.

தங்கத்தாள் தனிச் சந்தை. சாமி படம், கல்யாணப் பரிசு, புதுமனைப் புகுவிழா என்று நம் பக்கம் இதற்கு வாடிக்கையாளர் குறைய மாட்டார்கள். ஒளிவட்டத்திலும் கிரீடத்திலும் மட்டும் ஒட்டினாலே படம் எழுந்து நிற்கும். ஆனால் தஞ்சாவூர் முறையை அப்படியே கேன்வாஸுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மேடு பலகையின் மேல் நிற்கிறது, பலகை வளையாது. கேன்வாஸ் வளையும், சுண்ணம் உடைந்து தாளோடு உதிரும். மேடு வேண்டுமானால் வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் பேஸ்ட்டில் எழுப்புங்கள். தாளிலும் பார்த்து வாங்க வேண்டும்: மலிவான ‘தங்கத்தாள்’ செம்பும் துத்தநாகமும் கலந்தது, கடற்கரை ஊர்களில் மேலே வார்னிஷ் போடாவிட்டால் கறுக்கும். 22 கேரட் தாள் கறுக்காது, ஆனால் விலை கையைக் கடிக்கும். எதை ஒட்டினாலும் இதைத் தஞ்சாவூர் ஓவியம் என்று விற்கக் கூடாது. அந்தப் பெயர் புவிசார் குறியீடு பெற்றது. பிரிண்ட் முகத்தின் மேல் கல் ஒட்டி அந்தப் பெயரில் விற்பவர்களால் அசல் கைவினைஞர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள்.

அடுத்தவர் படத்தைப் பிரிண்ட் போட்டு நாலு தடம் வைத்தால் அது உங்களுடையது ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மாவைத் தொடலாம்; இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போன படத்தைத் தொடக் கூடாது.

பேக்கிங்கில்தான் அக்ரிலிக்கும் ஜெல்லும் சிரமம் கொடுக்கும். காய்ந்த பிறகும் அவை வெப்பத்தில் இளகும். சித்திரை வெயிலில் லாரியில் போகும் படத்தின் மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றினால், திறக்கும்போது குமிழ் குமிழாக அச்சு விழுந்திருக்கும். முதலில் சிலிகான் பூசிய பேக்கிங் தாள், அதன் மேல் அட்டை, பிறகுதான் பபிள். கெட்டியாக வண்ணம் வைத்த படத்தைச் சுருட்டவே கூடாது, சட்டத்தில் அடித்தே அனுப்புங்கள். கூரியர் செலவு கூடும், அதை விலையில் சேர்த்துவிடுங்கள். படத்தின் பின்னால் ‘பிக்மென்ட் பிரிண்ட், மேலே கையால் அக்ரிலிக், 25 பிரதிகளில் 4-வது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். விற்பனைப் பக்கத்திலும் அதே வரி இருக்கட்டும்.