பேர் வெளியே வராமல் புகார் கொடுக்க: குழுவா, லேபர் கோர்ட்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒரு பெண், சூப்பர்வைசரின் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க நினைத்தால் முதலில் எழும் கேள்வி, "என் பேரு வெளியே வருமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரே தெருவிலிருந்து ஒரே வேனில் பத்துப் பேர் வேலைக்குப் போகும் ஊர்கள் இவை.

அந்தக் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி கம்பெனிக்குள்ளேயே அமைந்த புகார்க் குழு லேபர் கோர்ட்டைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் பொதுமக்களுக்கோ பத்திரிகைக்கோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. தனியாக மனு போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை; ரகசியம்தான் அங்கே இயல்பு நிலை. விசாரணையைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் மீறினால் அபராதம் 5,000 ரூபாய். இது மிகக் குறைவு, உயர்த்தியே ஆக வேண்டும்.

ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து பேரை மறைக்க முடியாது. புகார் வந்த 7 வேலை நாளுக்குள் அதன் நகல் அவருக்குப் போகும். மொட்டைக் கடிதம் போட்டால் விசாரிக்க ஆளே இருக்காது. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம்.

புகார் முதலாளி மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். வாலாஜா, ஆற்காடு, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. குடியாத்தம், காட்பாடிக்கு வேலூர்.

சரி, புகார் கொடுத்த பிறகு வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? வேலையும், நிறுத்திவைத்த காலத்துக்கான சம்பளமும் கேட்டு வேலூர் லேபர் கோர்ட்டுக்குத்தான் வழக்குகள் போயிருக்கின்றன. (2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடப்பில் இருப்பதால், புதிய வழக்குக்கு எந்த மன்றம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இங்கே எல்லாம் தலைகீழ். விசாரணை திறந்த மன்றத்தில் நடக்கும், பெயர் வழக்குப் பட்டியலில் வரும். அந்தத் தொகுப்பு வரும்வரை இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தீர்ப்புரையை அரசு வெளியிட்டாக வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வருவது அந்தப் பழைய சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படிக்கும்போதுதான். சாட்சியத்தில் மட்டுமே வெளிவந்த தொழில் விவரத்தை ரகசியமாக வைக்கும்படி நிறுவனம் எழுதிக் கேட்டால், அதைத் தீர்ப்புரையில் சேர்க்கக் கூடாது என்றிருந்தது. தொழிற்சங்கத்துக்கும் அதே உரிமை இருந்தது. தொழிலாளியின் பேருக்கு அந்தப் பிரிவில் இடமே இருக்கவில்லை.

அப்படியானால் பேரை மறைக்கச் சொல்லி மன்றத்திடம்தான் மனு போட வேண்டும். முடிவு நீதிபதி கையில். பிரிட்டனில் வேலைத் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் 2017 பிப்ரவரி முதல் இணையத்தில் வருகின்றன. ஆனால் அங்கே பெயர் மறைப்புக்கென்றே நடைமுறை விதி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். இங்கே கைகொடுக்கக்கூடியது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு பணியிடப் பாலியல் தொல்லை வழக்கில் தரப்புகளின் பெயரை மறைத்து, மூடிய அறையில் விசாரிக்க உத்தரவிட்டது. வக்கீல் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

மனுவை வழக்கோடு சேர்த்தே, முதல் நாளே போட வேண்டும். பேர் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் கேட்டதன்பேரில், அவர் வழக்கின் தீர்ப்பை நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஓர் இணையதளத்துக்கு உத்தரவிட்டது. ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

மனுவில் பெயருக்குப் பதில் எழுத்துப் போடச் சொன்னால் மட்டும் போதாது. கம்பெனி, யூனிட், எந்த லைன், வேலைக்குச் சேர்ந்த வருடம், ஊர் என்று நான்கைந்து விவரம் தீர்ப்பில் இருந்தால் ஆம்பூரில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகாது. அந்த விவரங்களையும், சாட்சிகள் பெயரையும், வழக்குப் பட்டியலில் வரும் பெயரையும் சேர்த்தே மறைக்கக் கேளுங்கள்.

காலக்கெடுவுக்குள் இருந்தால், என் கருத்தில் முதலில் குழு. வேலை பறிபோனால் கோர்ட், அந்த மனுவோடு. குழுவின் முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு போனாலும், அங்கும் இதே மனுவைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.