பைபர் படகுக்கு வாங்கிய சிவப்பு பச்சை எல்.இ.டி. விளக்கு

எங்கள் படகின் அணியத்தில் (முன்முனையில்) மாட்டி மூன்று மாதம் ஆகிறது, வாங்கியதில் வருத்தம் இல்லை. ஒரே கூட்டில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் 112.5 பாகைக்குத் தெரிய வேண்டும் என்பது 1972 சர்வதேச மோதல் தவிர்ப்பு விதி. இதில் நிறம் கலக்காமல் சுத்தமாகப் பிரிகிறது, நேரெதிரே வருபவருக்கு இரண்டும் தெரியும், பக்கவாட்டில் வருபவருக்கு ஒன்றுதான்.

இரவில் துறைமுக வாய்க்குள் நுழையும்போதுதான் இதன் அருமை புரிகிறது. இந்தியாவில் உள்ளே வரும்போது துறைமுக வாயின் இடது கைப்பக்க விளக்கு சிவப்பாகவும், வலது கைப்பக்க விளக்கு பச்சையாகவும் எரியும் (ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தலைகீழ்), அந்த இரண்டுக்கும் நடுவில் எதிரே விசைப்படகு வந்தால் அதன் நிறத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடலாம், அவர்களும் நம்மைப் பார்த்து ஒதுங்குவார்கள், டார்ச் அடித்துக் கூச்சல் போட வேண்டியதில்லை.

குறை என்றால் ஒயர் நுழையும் இடத்து ரப்பர். இரண்டாவது மாதமே உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சை மங்கிவிட்டது. கடையில் கேட்டால் தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாதாம். கடலுக்கென்று விற்கிற விளக்குக்கு இப்படிச் சொல்வது நியாயமே இல்லை! அப்புறம் நானே துடைத்துக் காயவைத்து சிலிக்கான் பூசினேன், இப்போது நன்றாக எரிகிறது. வாங்கியவுடனே பூசிவிடுங்கள். வெள்ளை விளக்கு இதோடு வராது, தனியாக வாங்க வேண்டும்.