பழைய பார்க்கர் துப்பாக்கி: படமா, பதிவேட்டுக் கடிதமா?

இணைய ஏலத்துக்கு வரும் பார்க்கர் பிரதர்ஸ் (பழைய அமெரிக்க நிறுவனம்) இரட்டைக்குழல் துப்பாக்கி அசல்தானா என்று பார்க்க இரண்டு வழி: படங்களைத் துருவுவது, அல்லது வரிசை எண்ணைக் கொடுத்து பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்திடம் தொழிற்சாலைப் பதிவேட்டுக் கடிதம், அதாவது அந்தத் துப்பாக்கி எந்த ரகமாகச் செய்யப்பட்டது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் கடிதம், கேட்பது.

செலவு: படத்துக்கு ஒன்றுமில்லை. கடிதத்துக்குக் கட்டணம் உண்டு, ஏலம் முடிவதற்குள் வராமலும் போகலாம்.

எது பிடிபடும்: குழலைக் கழற்றி எடுத்த படத்தில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று தெரிந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் குழலைச் சோதித்துப் பதிக்கும் முத்திரை. அமெரிக்காவில் கனெக்டிகட்டின் மெரிடனில் செய்த பார்க்கரில் அதற்கு என்ன வேலை, அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். ஆனால் சாதாரண வி.எச். ரகத்தில் பிற்பாடு செதுக்கல் வேலை செய்து உயர்ந்த டி.எச். ரகம் என்று விற்றால் படத்தில் சிக்காமல் போகலாம், பதிவேட்டில் சிக்கும். ஆனால் எல்லா வரிசை எண்ணுக்கும் பதிவு மிஞ்சவில்லை, அது ஒரு குறை.

குறைந்த விலை என்றால் படம் போதும். உயர்ரக விலை கேட்டால் கடிதம் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள்.