மாடு ஏத்தற வண்டி: வாடகை சாஸ்திதானுங்க, ஆனா…

போன மாசம் பழையகோட்டை சந்தையில ஒரு மயிலை மாட்டை கன்னோட புடிச்சோமுங்க. அதை நம்பியூர் கொண்டாந்து சேத்த குட்டி யானைக்காரரைப் பத்தித்தான் எழுதறேன். பேரெல்லாம் போடாத தம்பின்னுட்டாரு.

மொதல்ல கடுப்புதான் வந்துச்சு. மத்தவங்க 2,200 கேக்கறப்ப இவரு 3,500. அதுலயும் டாக்டர் பாத்து மாடு பயணம் தாங்கும்னு எழுதிக் குடுத்தாத்தான் ஏத்துவேன்னு நின்னுட்டாரு, ஞாயித்துக்கிழமை டாக்டரைத் தேடி அலைஞ்சதுலயே ஒன்றரை மணி நேரம் போச்சு. சரி, சித்தப்பா புடிச்ச செவலையையும் ஏத்திக்குங்ண்ணா, வாடகைய பிரிச்சுக்கறோம்னேன். "ஒரு மாட்டுக்கு ரெண்டு சதுர மீட்டர் எடம் வுடோணும்னு சட்டமே இருக்குது தம்பி, என்ற வண்டில ரெண்டு எங்க நிக்கும்"னு கேக்கறாரு.

வாடகை ஏத்தறதுக்கு கதை வுடறாருன்னு நெனச்சு, லா படிக்கற அக்கா பையனுக்கு போன் போட்டேன். நெசந்தானாமுங்க. எட அளவு 2015 மோட்டார் வாகன விதில இருக்குதாம். டாக்டர் சர்டிபிகேட், லாரின்னாலும் ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, தரை வழுக்காம நார் மேட்டோ பலகையோ போடோணும், மாடு மெரளாம இருக்க இஞ்சின் பக்கம் பாத்து நிக்கறது நல்லது, இதெல்லாம் 1978லயே வந்துருச்சாம். திரும்பிப் பாத்தா இவரு வண்டில மேட்டும் கெடக்குது, மாடும் இஞ்சினைப் பாத்துத்தான் நிக்குது!

ரெண்டு வருசம் முன்னாடி வேற ஒருத்தர் வண்டில ஒம்பது உருப்படிய நெருக்கி அடைச்சுக் கொண்டாந்ததுல என்ற கெடாரிக்கு கால் வீங்கி நாலு நாளு தீனியே எடுக்கல. அப்ப கேஸ் போட்டிருந்தா என்னாயிருக்கும்னு பையங்கிட்ட கேட்டேன். 1960 மிருகவதைச் சட்டத்துல மொதத் தடவைக்கு அபராதம் 10லருந்து 50 ரூவாயாமுங்க. கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்ச நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவுல தனி மசோதா கொண்டுபோயி, நாங்களே சட்டம் போடறோம்னு நேரு சொன்னதுக்கப்பறம் வந்த சட்டமாம் அது. அந்தம்மா அவ்வளவு பாடுபட்டதுக்கு இன்னைக்கும் அம்பது ரூவான்னா ரெண்டு டீயும் பஜ்ஜியும்தான்.

ஜல்லிக்கட்டைத் தடை பண்ணி சுப்ரீம் கோர்ட்டு 2014ல குடுத்த தீர்ப்பு மேல எனக்குக் கோவம் உண்டு. அப்பறம் 2017ல ஜல்லிக்கட்டு நடத்தலாம்னு நம்ம தமிழ்நாட்டுச் சட்டம் வந்து, 2023ல அதே கோர்ட்டு செல்லும்னுருச்சு, அது வேற கதை. ஆனா பசி, தாகம், பயம், வலி இல்லாம இருக்கறது மாட்டுக்கும் உரிமைதான்னு 2014ல சொன்னாங்க பாருங்க, அதுல நான் என்னத்த தப்பு சொல்றது.

ஊத்துக்குளி தாண்டி வண்டிய நெழல்ல ஓரங்கட்டி, வீட்லருந்து கொண்டாந்த குடத்துத் தண்ணிய மாட்டுக்கு காட்டுனாரு. எனக்கு ஒரு டீ வாங்கித் தரோணும்னு தோணல மனுசனுக்கு. வேகத்தடை வந்தா ஊர்ந்துதான் போவாரு, அவசரக்காரங்களுக்கு ஆகாதுங்க. எறக்கறதுக்கு சாய்வுப் பலகையும் அவரே வெச்சிருக்காரு, மாடு தானா நடந்து கட்டுத்தரைக்கு வந்து நேரா சோளத்தட்டுல வாய வெச்சுது, கன்னு மடியத் தேடிப் போயிருச்சு.

வேணுங்கறவங்க சந்தை வாசல்ல நார் மேட் போட்ட வண்டி எதுன்னு கேளுங்க. டாக்டர்கிட்ட மொத நாளே சொல்லி வெச்சுக்கோங்க. ஜீபே கெடையாது, கைல காசு வேணும்.