சொத்துக் குற்றங்கள்: மாற்று அட்டவணையா, பேர் ஆக்ட்டா?

மதுரையில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, திருட்டு, கொள்ளை பகுதிக்கு அட்டவணை கைடு போதுமா, பேர் ஆக்ட் வாங்கணுமா?" என்று கேட்டார். பேர் ஆக்ட் என்றால், விளக்கவுரை எதுவும் இல்லாமல் சட்டத்தின் வாசகத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

அட்டவணை என்பது ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) எண்ணை இடப்பக்கமும், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) எண்ணை வலப்பக்கமும் போட்ட தாள். திருட்டுக்கான 379 என்றால் 303(2). கொள்ளைக்கான 392 என்றால் 309(4). ஊரே திட்டுவதற்குப் பயன்படுத்தும் 420, இப்போது 318(4). ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடலாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னமும் ஐபிசிதான் என்பதால், நீதிமன்றத்தில் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரிக்கும்போது இந்தத் தாள் கைகொடுக்கும். அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று கோடு போட முடியாத இடங்களில் அட்டவணை காலை வாரிவிடும். 380-க்கு நேரே 305 என்று இருக்கும். பழைய 380, வீடு, கூடாரம், கப்பல் போன்ற இடங்களில் நடக்கும் திருட்டோடு நின்றது. 305 அதைத் தாண்டி, பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்தைத் திருடுவது, அதிலிருந்து பொருளைத் திருடுவது, வழிபாட்டுத் தலத்தின் சிலையைத் திருடுவது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. மாட்டுத்தாவணியில் கிளம்பக் காத்திருக்கும் பஸ்ஸில், மேல் தட்டில் வைத்த பையை ஒருவன் தூக்கிப் போகிறான். ஐபிசியில் அது 379, அதிகபட்சம் 3 ஆண்டு. இப்போது 305, 7 ஆண்டு வரை. அட்டவணையை மட்டும் படித்தவர் பரீட்சையில் 303(2) என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

செயின் பறிப்பும் அப்படித்தான். 304 புதுப் பிரிவு, இடப்பக்கத்தில் அதற்கு ஜோடியே கிடையாது. அதற்காகப் பறிப்பு எல்லாம் 304 ஆகிவிடாது. காலையில் நடக்கப் போன அம்மாவின் கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்து ஓடினால் 304. அதை எடுக்கவேண்டும் என்றே தள்ளிவிட்டு, காயப்படுத்திப் பிடுங்கினால் 309-க்குப் போய்விடும். அங்கே பொதுவாக 10 ஆண்டு வரை, காயப்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனைகூட வரலாம். ஐந்து பேர் சேர்ந்து செய்தால் 310, கூட்டுக்கொள்ளை.

சரி, பேர் ஆக்ட்டுக்கு வருவோம். வறட்டு மொழி, முதல் வாரம் தூக்கம்தான் வரும். ஆனால் 303-க்குக் கீழே உள்ள உதாரணங்களை யாரும் தவறவிடக் கூடாது. வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன வேலைக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடினால் திருட்டு. அதே பாத்திரத்தைக் கிடங்குக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறீர்கள், அவர் விற்றுவிடுகிறார்: அது திருட்டு இல்லை, நம்பிக்கை மோசடியாக இருக்கலாம். வேலைக்காரர் கையில் இருக்கும்போதும் பொருள் உங்கள் வசம்தான். கிடங்குக்குப் போனபின் உங்கள் வசத்தில் இல்லை. இந்த 'யார் வசம்' என்ற கேள்வி பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எனக்குப் பிடித்தது அடகு உதாரணம். தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் உங்கள் வளையலை அடகு வைக்கிறீர்கள். வாங்கிய கடனைக் கட்டாமல், கடைக்காரர் அசந்த நேரம் அதை எடுத்துக்கொண்டு வந்தால், உங்கள் சொந்த வளையலையே திருடிய குற்றவாளி நீங்கள். சட்டத்தில் வளையலுக்குப் பதில் கைக்கடிகாரம் இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் தம்பிக்குச் சொன்னது: முதலில் பேர் ஆக்ட், அதிலும் உதாரணங்களை மதுரைத் தெருக்களில் வைத்துப் படியுங்கள். அப்புறம் அட்டவணையை ஒரு தாளில் அச்செடுத்து, புத்தகத்தின் பின் அட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். 304-க்கு நேரே இடப்பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அங்கே பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.