எங்க வீட்டு சுகர் மிஷின்: ஐந்து வருஷக் கணக்கு

எங்க வீட்டில் உப்பு ஜாடிக்கு அடுத்தபடி தினமும் கை படுகிற பொருள் எதுவென்று கேட்டால் சுகர் மிஷின் என்றுதான் சொல்வேன். 2020 டிசம்பரில் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மெடிக்கலில் 950 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வாங்கும்போது அது மாமாவுக்காக. மாமனாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே விளையாட்டாக ஆளாளுக்குக் குத்திப் பார்த்தோம். காலையில் வெறும் வயிற்றில் எனக்கு 131 காட்டியது, இருக்க வேண்டியதைவிட அதிகம். அப்போது எனக்கு 42 வயது. விளையாட்டு அத்தோடு முடிந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் காசு விஷயம். மிஷின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிரிண்டர் மலிவாகக் கொடுத்துவிட்டு இங்க்கில் பிடுங்குகிற கதைதான் இதுவும். ஒவ்வொரு தடவையும் ரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப், 50 கொண்ட ஒரு டப்பா நான் வாங்கத் தொடங்கியபோது 900 ரூபாய். ஒரு குத்துக்கு 18 ரூபாய். நானும் மாமாவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒருமுறை பார்த்தால் டப்பா 25 நாளில் காலி. எங்க வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் வேலை, தினம் பஸ்ஸில் போய்வருகிறவர். அவர் முதல் மாதமே, "இது கேபிள் டிவி மாதிரி மாசாமாசம் கட்டணுமா?" என்று கேட்டார். ஆமாம், கட்டத்தான் வேண்டும்.

முதல் மிஷின் மூன்றாவது வருஷம் கண்ணை மூடிக்கொண்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் பில் கேட்டார்கள். பில்லை பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். அந்த மாதிரி தாளில் மை மறைந்துவிடும் என்று யார் கண்டது? மெடிக்கலில் வாங்குகிற எந்தப் பில்லையும் இப்போது போனில் படம் பிடித்து வைத்துவிடுகிறேன். அந்த மாடலுக்கு ஸ்ட்ரிப்பும் ஊரில் கிடைப்பது குறைந்துபோயிருந்ததால் வேறு மிஷினுக்கு மாறினோம். இந்தத் தடவை வீட்டுக்காரர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். எந்த மிஷின் நல்லது என்று கேட்காமல், எங்க தெரு முனை மெடிக்கலில் எந்த ஸ்ட்ரிப் அதிகம் விற்கிறது என்று கேட்டு அதற்கான மிஷினை வாங்கினார். இரண்டு வருஷமாக ஸ்ட்ரிப்புக்கு அலைச்சல் இல்லை.

இனி என் மண்டைக்குப் புரிய ஒரு வருஷம் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மட்டும்தான் பார்ப்பேன். 128, 133, 126 என்று வரும். நோட்டில் எழுதி, பரவாயில்லை என்று நானே எனக்கு மார்க் போட்டுக்கொள்வேன். பிறகு டாக்டர் எச்பிஏ1சி எடுக்கச் சொன்னார். சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை அது. 7.9 என்று வந்தது. அதை நம் மிஷின் கணக்குக்கு மாற்றினால் சராசரி 180 ஆகிறது. என் நோட்டில் 135ஐத் தாண்டி ஒரு எண்கூட இல்லையே, லேப்பில்தான் தப்பு என்று வாதாடினேன். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் காலையில எடுத்ததா இருக்கே. சாப்பிட்டப்புறம் எப்பம்மா பாத்தீங்க?" என்றார். பார்த்ததே இல்லை. பரீட்சைக்கு வராத பாடத்தில் மட்டும் நூறு மார்க் எடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்துவது. எனக்கு டாக்டர் சொன்ன எல்லை 180. எங்க வீட்டுச் சண்டை எல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

சண்டைக்குக் காரணம் களி. அத்தை, அதாவது என் மாமியார், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். உலையில் கொஞ்சம் நொய் போட்டு வேகவிட்டு, ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, ஆவி மேலே கிளம்பியதும் இரண்டு காலாலும் பானையை இடுக்கிக்கொண்டு களிக்கோலால் அவர் கிண்டுகிற அழகைப் பார்த்தால், ஜிம்முக்குப் போகிறவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். "சோறு தின்னாதான் சக்கரை. களி தின்னா சக்கரை கிட்ட வராது" என்பது அத்தையின் வேதம். எங்க பக்கம் பாதிப் பேருக்கு இதே நம்பிக்கைதான். எனக்கும் இருந்தது. அதனால் சோற்றை விட்டுவிட்டு மதியம் இரண்டு உருண்டை களி, கோழிக் குழம்பு என்று நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன். 232.

அடுத்த நாள் சோறு சாப்பிட்டுப் பார்த்தேன். 224. அத்தையிடம் காட்டினேன். "உன் மிஷின்ல கோளாறு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. களியைக் குறை சொன்னது அவர் பிறந்த வீட்டையே குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பிறகு டாக்டரிடம் கேட்டேன், நானும் யோசித்துப் பார்த்தேன். ராகியில் நார் இருக்கிறது, கால்சியம் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியெல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் மில்லில் மையாக அரைத்த மாவை நன்றாக வேகவைத்தால் வயிற்றுக்குப் பெரிய வேலை எதுவும் மிச்சமில்லை. இதில் களியை மெல்லவும் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். உருண்டையின் அளவைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. அத்தை பிடிக்கிற உருண்டை ஒன்று, ஓட்டல் உருண்டை இரண்டுக்குச் சமம். அந்தக் காலத்தில் மாமா இதையே மூன்று உருண்டை தின்றார் என்றால், தின்றுவிட்டு ஏர் ஓட்டப் போனார். நான் தின்றுவிட்டு சீரியல் பார்க்கப் போனேன்.

ஒரு மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். ஒரே உருண்டை, அதுவும் சின்னது, கூடவே தட்டில் பாதி அளவு கீரைக் கடைசல், அவரைப் பருப்பு: 168. அதே சாப்பாடு, முடித்ததும் இருபது நிமிஷம் தெருவில் நடந்தால் 149. நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 211. காலையில் ராகிக் கூழ் ஒரு பெரிய சொம்பு: 219. கூழ் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள், சர்க்கரைக்கு அது தெரியாது. சாமைச் சோறு அளவோடு, கொள்ளுக் கடைசலோடு: 172. இதெல்லாம் என் உடம்புக்கு வந்த எண்கள். உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், நீங்களே குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் எச்பிஏ1சி 6.8க்கு இறங்கியது. அத்தையும் இறங்கிவந்தார். இப்போது எனக்கென்று தனியாகச் சின்ன உருண்டை பிடிக்கிறார், "இது கொழந்தைக்குக் குடுக்கிற அளவு" என்ற முணுமுணுப்போடு.

மிஷினை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எங்க மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். அதிலிருந்து மாமாவுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிற அக்கா ஒருநாள் தன் மிஷினில் பார்த்தபோது 148. அதே விரல், அதே நிமிஷம், எங்க மிஷினில் 161. மாமா உடனே, "அரசாங்க மிஷின்தான் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார், குறைவாகக் காட்டியதால். உண்மையில் இரண்டுமே சரிதான். நூறுக்கு மேல் போனால் இந்த மாதிரி வீட்டு மிஷின்கள் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்டலாம் என்று தர அளவே அனுமதிக்கிறது. 150க்கும் 160க்கும் நடுவே போய் உயிரை விட வேண்டாம். 150க்கும் 230க்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொல்கிறதா, அது போதும்.

மிஷின் பொய் சொல்லாவிட்டாலும் நாம் அதைப் பொய் சொல்ல வைக்கலாம். போன வருஷம் மாம்பழ சீசன். எங்க ஊரில் மே, ஜூனில் மாம்பழத்திடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது. சாலையெல்லாம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ரக மாம்பழ லாரிகள், வீட்டுக்கு வீடு செந்தூரா, பாதாமி. வீட்டுக்காரர் மல்கோவா என்றால் சம்பளத்தையே கொடுத்துவிடுவார். ஒரு சாயந்திரம் எல்லோருக்கும் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, நான் ஒரு கீற்றுகூட வாயில் வைக்காமல், அந்தப் பெருமையோடு விரலைக் குத்தினேன். 341. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வீட்டுக்காரர் பைக் சாவியைத் தேடுகிறார், அத்தை சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறார். பெரியவள், பிளஸ் ஒன் படிக்கிறாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அம்மா, கை கழுவினியா?"

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 152. முதலில் மிஷின் அளந்தது என் ரத்தத்தோடு சேர்த்து மாம்பழச் சாற்றையும். அது கேட்கிற ரத்தம் கடுகு அளவுகூட இருக்காது. விரலில் ஒட்டின சர்க்கரை துளியில் கலந்தால் எண் தாறுமாறாகப் போய்விடும். கழுவிவிட்டு ஈரத்தோடு குத்தினாலும் தப்புத்தான், ரத்தத்தில் தண்ணீர் கலந்துவிடும். சானிடைசர் தடவினாலும் காயவிட வேண்டும்.

சின்னச் சின்னப் பாடங்கள் இன்னும் உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. முதல் இரண்டு மாதம் நடுவிலேயே குத்திக்கொண்டு, பூ கட்டவே கஷ்டப்பட்டேன். ஊசியை மாற்றாமல் வாரக்கணக்கில் ஓட்டியதும் நான்தான். மழுங்கின ஊசி கிழிக்கும். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, அதனால் மாமா ஊசிப் பேனாவில் சிவப்பு நூல் சுற்றிவைத்திருக்கிறோம். ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்துபோட்டால் ஈரம் ஏறி வீணாகிவிடும். திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதிவிடுங்கள். பேட்டரி மாற்றினால் தேதி, நேரம் இரண்டும் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதைக் கவனிக்காமல் இரண்டு மாதக் கணக்கு முழுவதும் ஏதோ ஒரு ஜனவரி நடுராத்திரியிலிருந்து எண்ணிய தப்பான தேதிகளில் பதிவாகிக் கிடந்தது.

இந்த மிஷினை நான் வெளியூர் போனாலும் பைக்குள் போட்டுக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் அத்தை ஊரில் பாரதம், அதாவது மகாபாரதக் கூத்துத் திருவிழா நடந்தது. மாமாவுக்குக் கூத்து என்றால் பச்சைத்தண்ணிகூட வேண்டாம். அர்ஜுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறுகிற அர்ஜுனன் தபசு அன்றைக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கிற அவசரத்தில், வீட்டில் ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். கோயிலில் சாப்பாடு தீர்ந்துபோயிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணி இருக்கும். கூத்துக் கோமாளி கட்டியங்காரன் ஏதோ சொல்ல ஊரே சிரிக்கிறது, மாமா மட்டும் சிரிக்கவில்லை. சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது, கை நடுங்குகிறது, கூப்பிட்டால் ஏதோ பதில் சொல்கிறார், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். பக்கத்திலிருந்தவர் "தூக்கக் கலக்கம்" என்றார். செல்போன் வெளிச்சத்தில் குத்திப் பார்த்தேன். 54.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீக்கடையில் ஓடிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். ஆள் விழுங்குகிற நினைவோடு இருந்தார், அதனால் வாயில் கொடுக்க முடிந்தது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 ஆம்புலன்ஸ்தான். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினால் 79. ஒரு பன்னும் பாலும் சாப்பிட்டபின் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அர்ஜுனன் மரம் ஏறிட்டானா?" எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படி இறக்காது, மாமா போடுவதில் ஒன்று இறக்குகிற வகை. அதைப் போட்டால் சோற்றைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஸ்ட்ரிப் விலையைப் பற்றி வீட்டுக்காரர் பேசுவதில்லை.

மாமாவுக்கு இப்போது 76. குத்துவதற்கு முன்னால் எண்ணைத் தானே சொல்லிவிடுவார். "நேத்து பஜ்ஜி ரெண்டு. 190 போடு" என்பார், 186 வரும். என் மகள் இதைப் பந்தயமாக்கிவிட்டாள். பத்துக்குள் சரியாகச் சொன்னால், மாம்பழ சீசனில், சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கீற்று உண்டு. தப்பினால் கிடையாது. இன்றைக்குக் காலையில் கண்ணை மூடி யோசித்துவிட்டு 140 என்றார். மிஷினில் 152. கொஞ்ச நேரம் மிஷினையே முறைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்த அக்கா மிஷின் எப்ப வரும்?" என்றார்.