மாதவிடாய் கப்: நான்கரை வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

2021 ஜனவரியில் மாதவிடாய் கப் பயன்படுத்த ஆரம்பித்தேன். பிறப்புறுப்புக்குள் வைத்து, வரும் இரத்தத்தைப் பிடித்துக் கொட்டும் சின்ன சிலிக்கோன் கிண்ணம் அது. முதல் மாதமே தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தவள் நான். இப்போது நாப்கின் வாங்குவதே இல்லை. இடையில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வாங்கி ஒருமுறை முயன்று, பயந்துபோய், பீரோவின் அடித்தட்டில் போட்டுவைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. திருநெல்வேலியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய கிராமம். காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு ஆகும். பள்ளிக் கழிப்பறையில் குப்பைக்கூடை கிடையாது. மாற்றிய நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, கைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து எரிப்பேன். மே மாத வெயிலில், வியர்வையில், தொடை இடுக்கு உரசிப் புண்ணாகி நடக்கவே முடியாமல் போன நாட்கள் உண்டு. இருபது வருடமாக இதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

கப்பைப் பற்றிச் சொன்னவள் என்னுடன் நாகர்கோவிலில் படித்த ஆலப்புழைத் தோழி. 2019இல் ஆலப்புழை நகராட்சி, எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனத்துடன் சேர்ந்து ‘திங்கள்’ என்ற பெயரில் 5000 கப்புகளை இலவசமாகக் கொடுத்தது. இவளுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அதே வருடம் ‘தி லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. கப் பாதுகாப்பானது, கசிவு நாப்கின் அளவுதான் அல்லது அதைவிடக் குறைவு என்று அதில் சொல்லியிருந்தார்கள். பழகிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும் என்பதும் அதிலேயே இருந்தது. அந்த வரியை நான் சரியாக மனதில் வாங்கவில்லை.

முதல் நாள் உள்ளே வைப்பதற்கே அரை மணி நேரம். விளிம்பை ஆங்கில ‘சி’ எழுத்துபோல மடிப்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது தடிமனாக இருந்தது. விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அமுக்கி, நுனியை மொட்டுப்போலக் கூராக்கும் மடிப்புதான் சரிப்பட்டது. தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எண்ணெய் தடவக் கூடாது, சிலிக்கோன் கெட்டுவிடும். நேர் மேலே தள்ளாமல், முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்த்துத் தள்ளவேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வெளியே எடுக்கும்போதுதான் உண்மையான பயம் வந்தது. கப்பின் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து இழுத்தேன், அசையவே இல்லை. இழுக்க இழுக்க உள்ளே கவ்விப் பிடித்தது. கை நடுங்க, கண்ணில் தண்ணீர் வர, தோழிக்குப் போன் செய்தேன். “முதல்ல இழுக்கறத நிறுத்துடி. குத்தவெச்சு உட்காரு. பிள்ளை பெத்தவதானே, கொஞ்சம் முக்கு” என்றாள். முக்கியதும் கப் கீழே இறங்கியது. காம்பை விட்டுவிட்டு, கப்பின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் அமுக்கச் சொன்னாள். ‘புஸ்’ என்று காற்று போன சத்தம் கேட்டது. பிறகு லேசாக ஆட்டி ஆட்டிச் சுலபமாக எடுத்துவிட்டேன். கப் உள்ளே நிற்பதில் வெற்றிடத்துக்கும் பங்கு உண்டு, காற்றை உள்ளே விடாமல் இழுக்கவே கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கப்பைத் தொடக் கூடாது என்பேன். தொலைந்து உள்ளே போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். மேலே கருப்பை வாய் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக வழி கிடையாது. நம் ஊர் குத்தவைக்கும் கழிப்பறை இந்த வேலைக்கு மிகவும் வசதி.

இரண்டாம் மாதம் பள்ளியில் கசிந்தது. வெளிர்மஞ்சள் சேலை. உடன் வேலைபார்க்கும் டீச்சர் ஒருவர் தன் சால்வையைக் கொடுத்தார். அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் தவறு அளவில் இருப்பது தெரிந்தது. முப்பது வயதுக்கு மேல், சுகப்பிரசவம் என்றால் பெரிய அளவு என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியிருந்தேன். என் கருப்பை வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்கவே இல்லை. கையை நன்றாகக் கழுவி, நடுவிரலை உள்ளே விட்டால் மூக்கு நுனிபோல ஒன்று தட்டுப்படும், அதுதான் கருப்பை வாய். எனக்கு இரண்டாவது கணுவுக்குள்ளேயே தட்டுப்பட்டது, அதாவது தாழ்வானது. நீளமான கப் எனக்கு எப்படிச் சேரும்? மாதவிடாய் நாட்களில் அது இன்னும் இறங்கும் என்பதால் அந்த நாட்களில்தான் அளக்கவேண்டும். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் என் உடம்பின் அந்த இடத்தை நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அன்று எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. குட்டையான கப் ஒன்று வாங்கி, காம்பைப் பாதி வெட்டிவிட்டேன் (கப்பை வெளியே வைத்துத்தான் வெட்டவேண்டும்). கசிவு நின்றது. உள்ளே வைத்தபின் விரலால் சுற்றித் தடவி, மடிப்பு முழுதாக விரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

நான்காம் மாதத்திலிருந்து கப் உள்ளே இருப்பதையே மறந்துபோனேன். காலை ஆறரைக்கு வைத்தால் மாலை ஆறுக்கு எடுப்பேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. இரண்டாம் நாள் மட்டும் மதியம் ஒருமுறை கொட்டவேண்டியிருக்கும். பள்ளிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போவேன், அது போதும்.

கப் வாங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. பல கப்புகளில் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும். நாப்கினில் ‘நிறையப் போகிறது’ என்றுதான் சொல்லமுடியும். கப்பில் எண் தெரியும். வெளியேறுவது எல்லாமே இரத்தம் இல்லை, சளியும் திசுவும் கலந்ததுதான். என்றாலும் ஒரு சுற்றில் 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று வாசித்திருந்தேன். மூன்று மாதம் காலண்டரில் குறித்துவைத்தேன். ஒவ்வொரு முறையும் 120க்கு மேல். அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டியதும் அவர் உடனே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். ஹீமோகுளோபின் 8.9. கருப்பையில் சிறிய நார்க்கட்டி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையும் சிகிச்சையும் எடுத்த பிறகு உடம்பு நன்றாகவே தேறிவிட்டது.

சுத்தம் செய்வது சிரமமில்லை. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வாசனையில்லாத சோப்பு. வெந்நீரில் ஆரம்பித்தால் கறை பிடித்துக்கொள்ளும். விளிம்புக்குக் கீழே இருக்கும் குட்டி ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் காற்று நுழையாது, எடுக்கும்போது வலிக்கும். கப்பில் தண்ணீரை நிரப்பி, உள்ளங்கையால் வாயை மூடி அமுக்கினால் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தமாகிவிடும். சுற்று முடிந்ததும் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைப்பேன். பாத்திரத்தின் அடியில் படாமல் இருக்க ஒரு பழைய டீ வடிகட்டியில் போட்டுவிடுவேன். காய்ந்ததும் துணிப்பையில் வைப்பேன். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வாடை வரும்.

என் மாமியார் முதலில் அடுப்பில் வைக்கவே விடவில்லை. சண்டை போடவில்லை. பின்கட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கவைத்தேன். ஒருநாள், நான் நாப்கின் எரிப்பதே இல்லை என்பதைக் கவனித்து அவரே கேட்டார். காட்டினேன். “எங்க காலத்துல இது இருந்திருந்தா தோட்டத்து வேலைக்குப் போறப்ப எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்றார். இப்போது வீட்டுக்குள்ளேயே கேஸ் அடுப்பில்தான் கொதிக்கிறது.

எல்லோருக்கும் இது சேரும் என்று சொல்லமாட்டேன். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி போட்டிருக்கும் என் நாத்தனாரிடம் முதலில் மருத்துவரைக் கேட்கச் சொன்னேன், இழுக்கும் வேகத்தில் காப்பர்-டி இடம் பெயரலாம். கருப்பை இறக்கம் இருந்தாலும் கேட்காமல் வேண்டாம். மிக அரிதுதான், ஆனால் கப் வைத்திருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பதின்மூன்று வயது மகளுக்கு நாப்கின்தான் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்டால் காட்டுவேன், கட்டாயப்படுத்தும் எண்ணமில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் வேலைக்குப் போகும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சனி, ஞாயிறு பாருங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் துணிப் பேட் ஒன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கப் 450 ரூபாய், அளவு தவறியதால் வீண். இரண்டாவது 380 ரூபாய், 2021 மார்ச்சிலிருந்து அதேதான் ஓடுகிறது. நிறம் டீக்கறைபோலப் பழுப்பாகிவிட்டது, அதில் கெடுதல் ஒன்றுமில்லை. கிழிசலோ பிசுபிசுப்போ வந்தால்தான் மாற்றவேண்டும். போன வாரம் கொதிக்கவைத்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விளிம்பு இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கிறது.